‘நேரடி’ என்ற ஒரு சொல்: பீனிக்ஸ் மருத்துவமனை விவகாரம்

“பெரிய உயிரா, சின்ன உயிரா?” பிரசவ அறைக் கதவைப் பாதி திறந்துகொண்டு டாக்டர் இப்படிக் கேட்கும் காட்சியை எத்தனை முறை கேட்டிருப்போம், பார்த்திருப்போம். கொடுமையான கேள்விதான். ஆனாலும் அதற்குள் ஒரு ஆறுதல் ஒளிந்திருக்கிறது. எந்தப் பதிலைச் சொன்னாலும் ஒரு உயிராவது தப்பும்.

2009 நவம்பரில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரின் செயின்ட் ஜோசப்ஸ் மருத்துவமனையில் எழுந்த கேள்வியில் அந்த ஆறுதலும் இல்லை. சின்ன உயிர் எப்படியும் பிழைக்காது. பெரிய உயிரைக் காப்பாற்றலாம். ஆனால் அதற்குச் சின்ன உயிரைக் கை வைத்து முடிக்க வேண்டும். கை வைக்கலாமா?

வைக்கலாம் என்று ஒப்புதல் தந்தவர் ஒரு கன்னியாஸ்திரி. கூடவே கூடாது என்றவர் அந்த மறைமாவட்டத்தின் ஆயர், அதாவது அந்தப் பகுதிக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான பிஷப். இருவர் கையிலும் இருந்தது ஒரே விதிப்புத்தகம். இருவருமே கருவை உயிர் என்று நம்பியவர்கள். கருக்கலைப்பு பற்றிய சண்டைகளை நாம் வழக்கமாக நம்பிக்கைக்கும் நம்பிக்கையின்மைக்கும் இடையிலான குஸ்தியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். பீனிக்ஸில் எதிர் மூலையில் நிற்க ஒரு நாத்திகர்கூட இல்லை. இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். ‘உயிரை மதிக்க வேண்டும்’ என்பதில் முழுக்க உடன்பட்டவர்கள் எந்தப் புள்ளியில் பிரிந்தார்கள் என்று இதில் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

நோயாளி

அவருக்கு வயது 27. கத்தோலிக்கர். ஏற்கெனவே நான்கு பிள்ளைகளுக்குத் தாய். பெயர் வெளியே வரவில்லை, வரவும் கூடாது.

அவருக்கு இருந்த நோய் நுரையீரல் தமனிகளில் உயர் அழுத்தம். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் வேறு, இது வேறு. இதயத்தின் வலது பக்கம் நுரையீரலுக்கு இரத்தத்தைத் தள்ளுகிறது. அது போகும் குழாய்கள் சுருங்கித் தடித்துவிட்டால், அடைத்த குழாயில் ஓடும் மோட்டார் மாதிரி வலது இதயம் திணறும். சாதாரண நாளிலேயே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இதோடு கர்ப்பமும் சேர்ந்தால் என்ன ஆகும்? கர்ப்பிணியின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி கூடுகிறது. இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தமும் 30 முதல் 50 சதவீதம் வரை கூடும். இந்த ஏற்றம் எட்டாம் மாதத்தில் மெதுவாக வருவதில்லை, முதல் சில வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது. ஆரோக்கியமான இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே முட்டி நிற்கும் வலது இதயத்துக்கு இது பெரும் சுமை. பழைய மருத்துவ ஆய்வுகளில், இந்த நோயோடு கர்ப்பமான பெண்களில் 30 முதல் 56 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள். புதிய மருந்துகள் வந்த பிறகு அது நான்கில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. அதுவும் சின்ன எண் இல்லை.

2009 அக்டோபர் 12 அன்று அவர் தன் நுரையீரல் மருத்துவரைப் பார்த்தபோது கர்ப்பம் ஏழரை வாரம். கர்ப்பத்தை நிறுத்துவதுதான் பாதுகாப்பு என்று மருத்துவர் சொன்னார். ஒன்றும் செய்யாமல் விட்டால் இறக்கும் அபாயம் 50 சதவீதத்தை நெருங்கலாம் என்றும் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். கர்ப்பத்தைத் தொடர்வதே அவர் எடுத்த முடிவு.

இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பிற்பாடு இந்த விவகாரத்தைப் பற்றி எழுதிய பலர், உயிருக்குப் பயந்து அவசரமாகக் கலைத்துக்கொண்ட பெண் என்பதுபோல் எழுதிப் போனார்கள். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாதிக்குப் பாதி சாவு என்று தெரிந்தும், ஐந்தாவதைச் சுமக்க ஒப்புக்கொண்ட பெண் இவர். ‘உயிருக்கு மரியாதை’ என்று ஒன்று இருக்குமானால், இந்த முழு நிகழ்விலும் அதற்காகத் தன் உடம்பையே பணயம் வைத்தவர் இவர் ஒருவர்தான்.

நவம்பர் 3 அன்று மூச்சுத்திணறல் முற்றி செயின்ட் ஜோசப்ஸில் சேர்க்கப்பட்டார். அடுத்த இரண்டு நாட்களில் நிலைமை கைமீறிப் போனது. கேஸ் ஷீட்டில் இருந்த வார்த்தைகளைப் பின்னர் ஒரு இறையியலாளர் தன் ஆய்வறிக்கையில் எடுத்துக் காட்டினார்: மிகக் கடுமையான நுரையீரல் அழுத்தம், வலது இதயச் செயலிழப்பு, இதயம் தோற்று உடல் முழுக்க இரத்த ஓட்டம் சரிதல். கர்ப்பம் தொடர்ந்தால் மரண அபாயம் 100 சதவீதத்தை நெருங்குகிறது என்று அந்தத் தாள்களில் ஒரு முறைக்கு மேல் பதிவாகியிருந்தது. அப்போது கர்ப்பம் 11 வாரம். கருப்பைக்கு வெளியே ஒரு குழந்தை பிழைக்கக் குறைந்தது 22, 23 வாரமாவது ஆக வேண்டும். அதுவரை இழுத்துப் பிடித்துவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவரை அறுவைக் கூடத்துக்குக்கூட நகர்த்த முடியாது, வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது நினைத்தே பார்க்க முடியாதது என்று மருத்துவமனை பின்னர் விளக்கம் தந்தது. ‘வேறு இடத்துக்கு அனுப்பியிருக்கலாமே’ என்று எளிதாகக் கேட்டவர்களுக்கு அதுதான் பதில்.

தொலைபேசியின் மறுமுனையில்

செயின்ட் ஜோசப்ஸ் 1895இல் இரக்கத்தின் சகோதரிகள் சபை தொடங்கிய மருத்துவமனை. கத்தோலிக்க மருத்துவமனைகளில் கருக்கலைப்பு கிடையாது. அமெரிக்க ஆயர்கள் பேரவை வெளியிட்ட நெறிமுறைகள் அங்கே சட்டம் மாதிரி. சிக்கலான நேரத்தில் மருத்துவர்கள் நெறிமுறைக் குழுவை அழைக்க வேண்டும். அன்று குழுவின் சார்பில் அழைப்பை எடுக்கும் முறையில் இருந்தவர் சிஸ்டர் மார்கரெட் மெக்பிரைட். அதே இரக்கத்தின் சகோதரிகள் சபையைச் சேர்ந்தவர், மருத்துவமனையின் துணைத் தலைவர்களில் ஒருவர்.

குழு பார்த்தது நெறிமுறைகளின் 47ஆம் விதியை. கர்ப்பிணிக்குக் கடுமையான நோய் இருந்து, அதைக் குணப்படுத்துவதையே நேரடி நோக்கமாகக் கொண்ட சிகிச்சையை, குழந்தை வெளியே பிழைக்கும் காலம் வரை தள்ளிப்போட முடியாது என்றால், கரு இறந்துபோனாலும் அந்தச் சிகிச்சையைத் தரலாம் என்பது அந்த விதியின் சாரம். அதே தாளில், இரண்டு விதிகளுக்கு மேலே, 45ஆம் விதி இருக்கிறது. கருக்கலைப்பு ஒருபோதும் அனுமதிக்கப்படாது. அதாவது, கர்ப்பத்தை முடிப்பதையே நேரடியாக நோக்கும் எந்தச் செயலும் கூடாது.

இரண்டிலும் வருகிறது ‘நேரடி’ என்ற சொல். இந்த வழக்கு முழுவதும் தொங்குவது அந்த ஒற்றைச் சொல்லில்தான்.

குழு ஒப்புதல் தந்தது. நோயாளியும் சம்மதித்தார். நவம்பர் 5 அன்று, நாம் சாதாரணமாக டி அண்ட் சி என்று சொல்லும் முறையில் கருவும் நஞ்சும், அதாவது நஞ்சுக்கொடியும், அகற்றப்பட்டன. தாய் பிழைத்தார்.

ஆயரின் வாதம்

பீனிக்ஸ் ஆயர் தாமஸ் ஓம்ஸ்டெட் காதுக்கு விஷயம் போனது. சிஸ்டர் மெக்பிரைடை அழைத்துப் பேசினார். அவர் ஏற்கெனவே திருச்சபைக்கு வெளியே போய்விட்டதாகத் தெரிவித்தார். ‘ஏற்கெனவே’ என்ற சொல்லுக்கு இங்கே சட்டப் பொருள் உண்டு. அன்று நடைமுறையில் இருந்த 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1398ஆம் பிரிவின்படி, கருக்கலைப்பை நிறைவேற்றுபவர் அந்தச் செயலைச் செய்த கணத்திலேயே விலக்கப்படுகிறார். தீர்ப்பு எழுத யாரும் தேவையில்லை. ஆயர் செய்தது அறிவிப்பு மட்டும்தான் என்பது அவர் தரப்பு. 2010 மே மாதம் உள்ளூர் நாளிதழில் செய்தி வந்தது. பிறகு அது உலகம் முழுக்கப் போனது. சிஸ்டர் மெக்பிரைட் வேறு பொறுப்புக்கு மாற்றப்பட்டார்.

ஓம்ஸ்டெட்டை ஒரு கொடூரக் கிழவராக வரைந்து தள்ளிவிடுவது சுலபம், பத்திரிகைகள் பல அதைத்தான் செய்தன. அவருடைய வாதத்தை அதன் வலுவோடு வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். பிறக்காத குழந்தை ஒரு நோய் ஆகாது என்றார். தாயைக் காப்பாற்ற மருத்துவர்கள் முயல வேண்டியதுதான். ஆனால் அதற்கான வழி அவளுடைய குழந்தையைக் கொல்வதாக இருக்கவே முடியாது, நல்ல முடிவு கெட்ட வழியை நல்லதாக்காது என்றார்.

இதன் பின்னால் இருப்பது இரட்டை விளைவுக் கோட்பாடு. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தற்காப்புக்காகக் கொல்வதைப் பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்தது. ஒரே செயலுக்கு நல்லதும் கெட்டதுமாக இரண்டு விளைவு இருந்தால் எப்போது செய்யலாம்? செயல் தன்னளவில் தீயதாக இருக்கக் கூடாது. தீய விளைவை மனம் நாடக் கூடாது. நன்மைக்கு ஈடான காரணம் வேண்டும். இவற்றோடு, எல்லாவற்றையும் விடக் கறாரான நிபந்தனை ஒன்றும் உண்டு: அந்தத் தீமையே நன்மைக்கு ஏணியாக இருக்கக் கூடாது. கர்ப்பிணிக்குக் கருப்பையில் புற்றுநோய் என்றால் கருப்பையை எடுக்கலாம், கரு இறந்தாலும் பாவமில்லை. எடுத்தது நோயுற்ற உறுப்பை. கருவின் சாவு கூடவே வந்த துயரம். பீனிக்ஸ் பெண்ணின் கருப்பையில் நோய் இல்லை. நோய் நுரையீரலிலும் இதயத்திலும். அங்கே யாரும் கத்தி வைக்கவில்லை. கருவை அகற்றியதால்தான் இதயம் தேறியது. ஆகவே கருவின் சாவுதான் ஏணி.

2010 ஜூனில் அமெரிக்க ஆயர்கள் பேரவையின் கோட்பாட்டுக் குழுவும் இதே பக்கம் சாய்ந்தது. பீனிக்ஸ் வழக்கைப் போன்ற ஒரு சூழலையும் புற்றுநோய் வந்த கருப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவது கூடாது, இரண்டாவது கூடும் என்று விளக்கியது.

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் அதே தர்க்கத்தை எடுத்துக்கொண்டு கருக்குழாயில் தங்கிவிட்ட கருவிடம் போய்ப் பாருங்கள். அந்தக் கரு பிழைக்க வாய்ப்பே இல்லை, விட்டால் குழாய் வெடித்துத் தாய் இறப்பார். கத்தோலிக்க அறநெறியாளர்கள் பெரும்பாலும் ஏற்பது, குழாயையே கருவோடு சேர்த்து வெட்டி எடுப்பதை. குழாய் நோயுற்றது, எடுத்தது குழாயை. குழாயைத் திறந்து கருவை மட்டும் எடுப்பதும், மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டுக் கருவைக் கரைப்பதும் அவர்களுக்குள் இன்றும் சர்ச்சை. மூன்றிலும் கரு சாகிறது. மூன்றிலும் தாய் பிழைக்கிறார். முதல் வழியில் மட்டும் அவர் ஒரு கருக்குழாயையும் இழக்கிறார். அந்த வழிதான் ‘சுத்தம்’. பெண்ணுக்கு அதிக சேதம் செய்யும் வழி அறநெறிப்படி சுத்தமாவது எப்படி என்று கேட்டால் கோட்பாட்டில் பதில் கிடைக்கும். எனக்கு அந்தப் பதில் செரிப்பதில்லை.

நஞ்சைப் பற்றிய வாதம்

மருத்துவமனையின் தாய் நிறுவனமான கத்தோலிக் ஹெல்த்கேர் வெஸ்ட், மார்க்வெட் பல்கலைக்கழகத்தின் இறையியலாளர் தெரேஸ் லைசாட்டிடம் கருத்துக் கேட்டது. மருத்துவப் பதிவுகளை எடுத்து அலசியவர் அவர்தான். அவர் முடிவு: இது நேரடிக் கருக்கலைப்பு ஆகாது. விதி 47க்குள்தான் வருகிறது.

அவருடைய வாதத்துக்கு இரண்டு கால். முதலாவது நஞ்சு. தாயின் இதயத்தை அமுக்கிக்கொண்டிருந்தது கரு என்பதைவிட, கர்ப்பத்தை நடத்தும் உறுப்பான நஞ்சுதான் என்றார். புற்றுநோய் வந்த கருப்பையை எடுப்பதுபோல, இங்கே எடுக்கப்பட்டது தாயின் உடலில் ஆபத்தாக மாறிவிட்ட ஒரு உறுப்பு. வாதம் சாமர்த்தியமானது. ஆனால் எனக்கு இது கொஞ்சம் இழுத்துக் கட்டியது போலத்தான் படுகிறது. அந்த நஞ்சில் நோய் ஒன்றுமில்லை. தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. கெட்டுப்போயிருந்தது அதைத் தாங்க வேண்டிய இதயம். ஆயர் தரப்பு இதைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

இரண்டாவது கால் உறுதியானது. தாயின் இரத்த ஓட்டம் சரிந்த நிலையில் கருவுக்குப் போக வேண்டிய ஆக்சிஜனும் போகவில்லை. கரு ஏற்கெனவே சாவுப் பாதையில் இருந்தது. இரண்டு உயிரில் எதை என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. காப்பாற்றக்கூடிய உயிர் ஒன்றே ஒன்று. செய்யப்பட்டது அந்த ஒன்றைக் காப்பாற்றும் செயல். இந்த இடத்தில் லைசாட் துணைக்கு அழைத்தது தாராளவாதிகளை இல்லை. கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்த ஜெர்மெய்ன் கிரீஸே, பழமைவாதக் கத்தோலிக்க அமைப்பான ஓபஸ் தேயியைச் சேர்ந்த அருள்தந்தை மார்ட்டின் ரோன்ஹைமர் போன்றவர்களின் எழுத்துகளை.

சாகப்போகிறவன் என்பதற்காக ஒருவனைக் கொல்லலாமா என்பது இதற்கு எதிர்க்கேள்வி. நல்ல கேள்வி. நாளை இறக்கப்போகும் நோயாளியின் சிறுநீரகத்தை இன்றே எடுத்துப் பக்கத்துக் கட்டில்காரருக்கு வைத்தால் அது கொலைதான். ஆனால் அந்த நோயாளி பக்கத்துக் கட்டில்காரரைச் சாகடித்துக்கொண்டு படுத்திருக்கவில்லை. பீனிக்ஸில் ஒரு உயிர் போய்க்கொண்டே இன்னொன்றையும் சேர்த்து இழுத்தது. இந்த வேறுபாட்டை மற்ற மத மரபுகள் எப்போதோ கண்டுகொண்டன. யூத மரபின் மிஷ்னா, பிரசவத்தில் தாய் உயிருக்கு ஆபத்து என்றால், உடலின் பெரும்பகுதி வெளியே வராத வரை, கருவைத் துண்டாக்கியாவது எடுக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அவள் உயிர் முந்தியது என்பது அது தரும் காரணம். 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் அதற்கு ஒரு உவமை வைத்தார். கொல்லத் துரத்தி வருபவனைப் போல அந்தக் கரு நிற்கிறது என்றார். இஸ்லாமியச் சட்ட அறிஞர்களிலும் பெரும்பாலோர், தாயின் உயிர் உண்மையிலேயே போகும் நிலை என்றால் அனுமதி தருகிறார்கள், இரண்டு தீங்கில் சிறியதை ஏற்கலாம் என்ற நெறிப்படி. கருவை அற்பமாக நினைத்து இவர்கள் இதைச் சொல்லவில்லை. இரண்டு மரபும் காரணமில்லாத கருக்கலைப்பைக் கண்டிப்பவைதான்.

ஆக, ‘மதம் என்ன சொல்கிறது’ என்று ஒருமையில் கேட்பதே சரியில்லை. ஒரே மதத்துக்குள்ளேயே ஆயர் ஒன்று சொல்கிறார், இறையியலாளர் ஒன்று சொல்கிறார், கன்னியாஸ்திரி நோயாளியை மனதில் வைத்துக்கொண்டு ஒன்று சொல்கிறார்.

விரும்பித் தந்தவர், கேட்டும் கிடைக்காதவர்

பீனிக்ஸோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய இரண்டு பெண்கள் உண்டு.

இத்தாலியில் ஜியன்னா பெரெட்டா மொல்லா. குழந்தை மருத்துவர். 1961இல், நான்காவது குழந்தைக்காகக் கர்ப்பமாக இருந்தபோது கருப்பையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. கருப்பையையே எடுத்துவிடலாம். அப்படி எடுத்தால் கரு போகும், ஆனால் மேலே சொன்ன இரட்டை விளைவுக் கணக்கில் திருச்சபையே அதை அனுமதிக்கும். அவர் அதையும் மறுத்து, கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னார். 1962 ஏப்ரல் 21 அன்று மகள் பிறந்தாள். ஏப்ரல் 28 அன்று அவர் இறந்தார். 2004இல் இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்த விழாவில் அந்த மகளும் இருந்தார்.

மனம் கனக்கும் கதை. கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் இதை அடிக்கடி எடுத்துச் சொல்வதிலும் தவறில்லை. ஆனால் புனிதர் என்று ஒருவரைக் கொண்டாடுவதே அவர் கடமைக்கு மேலே போனார் என்பதற்காகத்தானே? அவர் கருப்பையை எடுக்கச் சம்மதித்திருந்தால் யாரும் அவரைப் பாவி என்றிருக்க மாட்டார்கள். இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது, பேச்சில் அது சௌகரியமாக விடுபட்டுப்போகிறது. மொல்லாவின் தியாகத்தால் ஒரு குழந்தை உயிரோடு வந்தது. பீனிக்ஸில் தாய் தன்னைத் தந்திருந்தாலும் குழந்தை வந்திராது. வீட்டில் இருந்த நான்கு பேர் தாயில்லாதவர்கள் ஆகியிருப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டாமவர் சவிதா ஹலப்பனாவர். இந்தியாவிலிருந்து அயர்லாந்து போன பல் மருத்துவர், வயது 31. 2012 அக்டோபர் 21 அன்று, 17 வாரக் கர்ப்பத்தில், கால்வே நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கர்ப்பம் கலைவது உறுதியாகிவிட்டது. குழந்தை பிழைக்காது என்று மருத்துவர்களும் சொல்லிவிட்டார்கள். முடித்துவிடுங்கள் என்று அவர் கேட்டார். கருவின் இதயத்துடிப்பு இருந்ததால் மறுக்கப்பட்டது. 1983இல் அயர்லாந்து தன் அரசியல் சட்டத்தில் சேர்த்த எட்டாவது திருத்தம், தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் சம உரிமை தந்திருந்தது. துடிப்பு நிற்கும் வரை காத்திருந்தார்கள். இதற்கிடையே தொற்று இரத்தத்தில் கலந்தது. அக்டோபர் 28 அன்று சவிதா இறந்தார். இது கத்தோலிக்க நாடு என்று அவரிடம் சொன்னதைப் பின்னர் நடந்த மரண விசாரணையில் ஒரு செவிலியரே ஒப்புக்கொண்டார். அன்பாக விளக்கம் தரும் எண்ணத்தில்தான் சொன்னேன் என்றார். அதை நம்புகிறேன். எனக்கு உறைப்பதே அதுதான். சவிதா இந்து, அந்த நாட்டின் நம்பிக்கை அவருடையது இல்லை. யாருமே அவரை வெறுக்கவும் இல்லை. கனிவான குரலில் ஒரு விதியை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது.

பீனிக்ஸில் சிஸ்டர் மெக்பிரைட் வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை. மூன்று வருடம் கழித்துக் கால்வேயில் நடந்தது அதற்கு மிக நெருக்கமானது. நோய் வேறு, சட்டம் வேறு, ஆனால் காத்திருந்தது ஒன்றேதான். அயர்லாந்து மக்கள் 2018 மே 25 அன்று நடந்த வாக்கெடுப்பில் 66.4 சதவீத ஆதரவோடு அந்தத் திருத்தத்தை நீக்கினார்கள்.

இங்கே எதிர்த்தரப்பின் நியாயமான பயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘காப்பாற்ற முடிந்த உயிரைக் காப்பாற்றினோம்’ என்ற வாக்கியம் பீனிக்ஸில் சரி. அதே வாக்கியத்தை, அபாயம் 100இல் 10 என்று இருக்கும்போதும் யாராவது சொன்னால்? யார் எடை போடுவது? ஒரு விதி கறாராக இருப்பதற்குக் காரணமே, நெருக்கடி நேரத்தில் மனிதர்கள் தங்களுக்குச் சாதகமாக எடை போட்டுவிடுவார்கள் என்ற சந்தேகம்தான். அந்தச் சந்தேகம் அனுபவத்தில் விளைந்தது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பீனிக்ஸ் வழக்கில் எடை போடவே இடமில்லாத அளவுக்குத் தராசு ஒரு பக்கம் விழுந்து கிடந்தது. அங்கேயும் அதே கறாரோடு நின்றால், விதி காப்பது எந்த உயிரையும் இல்லை, கையில் கறை படாமல் இருப்பதை மட்டும்தான். ஓம்ஸ்டெட்டோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் இதுதான்.

அதன் பிறகு

2010 நவம்பர் 22 தேதியிட்ட கடிதத்தில், கத்தோலிக் ஹெல்த்கேர் வெஸ்ட் தலைவர் லாயிட் டீனுக்கு ஆயர் நிபந்தனைகள் விதித்தார். நடந்தது நெறிமுறைக்கு எதிரானது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இனி மருத்துவமனை நெறிமுறைப்படி நடக்கிறதா என்று வெளியார் தணிக்கைக்கு உட்பட வேண்டும். மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் தொடர் பயிற்சி வேண்டும். உங்கள் கருத்து உங்களுக்கு, என் கருத்து எனக்கு என்று விட்டுவிட முடியாது, இந்த மறைமாவட்டத்தில் நெறிமுறைக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் ஆயருடையது என்பதுதான் கடிதத்தின் அடிநாதம். அறுவை சிகிச்சையில் தொடங்கிய வழக்கு இந்த இடத்தில் அதிகார வழக்காக மாறிவிட்டது. ஆயருக்கு இந்த ஒரு சிகிச்சை மட்டும் குறையாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நிறுவனம் பங்கு வகித்த ஒரு மருத்துவக் காப்புத் திட்டத்தில் கருத்தடையும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையும் இடம்பெற்றிருந்தது அவரை நெடுநாள் வாட்டியிருக்க வேண்டும். அறிக்கையில் அதையும் எடுத்துப் போட்டார்.

மருத்துவமனை ஒப்புக்கொள்ளவில்லை. டிசம்பர் 21 அன்று ஓம்ஸ்டெட், செயின்ட் ஜோசப்ஸ் இனி கத்தோலிக்க மருத்துவமனை இல்லை என்று அறிவித்தார். அதன் சிற்றாலயத்தில் திருப்பலி நிறுத்தப்பட்டது. கத்தோலிக்கர்கள் கிறிஸ்துவின் உடலாக வணங்கும் அப்பமான நற்கருணையை அங்கிருந்து எடுத்துச் சென்றார்கள். நம்பிக்கை இல்லாதவருக்கு இது ஒரு பாத்திரத்தை எடுத்துப்போன செய்தி. நம்பிக்கையுள்ள நோயாளிக்கு, இரவு ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோய்ச் சிறிது நேரம் மண்டியிட்டு வரும் இடத்தில் கடவுள் இல்லை என்ற செய்தி. தண்டனையின் எடை யார் மேல் விழுந்தது என்று பார்த்தால், முடிவெடுத்தவர்களைவிட இவர்கள் மேல்தான் அதிகம்.

மருத்துவமனைத் தலைவர் லிண்டா ஹன்ட் அன்று தந்த பதில் சுருக்கமானது. இரண்டு நோயாளிகளையும் காப்பாற்றுவதே முதல் வேலை. அது முடியாதபோது காப்பாற்ற முடிந்த உயிரைக் காப்பாற்றுவோம், இந்த நோயாளிக்கும் அதைத்தான் செய்தோம் என்றார். கத்தோலிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பின் தலைவர் சிஸ்டர் கேரல் கீஹன், செயின்ட் ஜோசப்ஸ் நெறிமுறைகளைச் சரியாகத்தான் கையாண்டது என்று பகிரங்கமாகச் சொன்னார். 2011 ஜனவரியில், நெறிமுறைக்கு அதிகாரப்பூர்வமாகப் பொருள் சொல்பவர் அந்தந்த மறைமாவட்ட ஆயர்தான் என்பதை ஆயர்கள் பேரவைக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். முதலில் சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. யார் சொல்வது சரி என்பது ஒன்று, யார் சொல்வது செல்லும் என்பது வேறொன்று. கீஹனின் இரண்டு கூற்றையும் சேர்த்து வாசித்தால் இந்த வேறுபாடு தெரியும்.

2012 ஜனவரியில் கத்தோலிக் ஹெல்த்கேர் வெஸ்ட் தன் பெயரையே மாற்றி டிக்னிட்டி ஹெல்த் ஆனது.

சிஸ்டர் மெக்பிரைட் விவாதத்தில் இறங்கவே இல்லை. பேட்டி, மேடை, அறிக்கை என்று எதிலும் அவர் பெயரைப் பெரிதாகப் பார்க்க முடியாது. கன்னியாஸ்திரியாகவே இருந்தார், மருத்துவமனையிலேயே இருந்தார். 2011 டிசம்பரில் மருத்துவமனை ஒரு செய்தியை வெளியிட்டது. திருச்சபை கேட்ட நிபந்தனைகளை அவர் நிறைவேற்றிவிட்டார், விலக்கு நீங்கிவிட்டது.

ஆளுக்குத் திரும்பிவர வழி இருந்தது. பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கட்டடம் மண்டியிட முடியாதே. நடந்தது தவறு என்று எழுதித் தராத வரை செயின்ட் ஜோசப்ஸ் வெளியில்தான். அப்படி எழுதித் தருவது, அந்த 27 வயதுப் பெண் இறந்திருக்க வேண்டும் என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம் என்று மருத்துவமனை நினைத்தது. ஆயர் அதைக் கேட்டபோது, அவர் பிழைத்து, நான்கு பிள்ளைகள் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.